அப்பா போட்டோவும் கான்வென்ட் ஆண்டு விழாவும்

2025 ஜூன் மாசம் ரெண்டாவது வாரம். ராத்திரி ஒன்பது மணி இருக்கும். தங்கச்சி போன் பண்ணினா. அவ கள்ளக்குறிச்சியில ஒரு கான்வென்ட் நர்சரியில யூ.கே.ஜி. மிஸ். வழக்கமா போன் பண்ணினா அம்மாவோட மாத்திரை, வீட்டு வரி, மச்சானோட குறட்டைன்னு போகும். அன்னைக்கு எடுத்த எடுப்பிலேயே, "அண்ணே, ஒரு சந்தேகம். நான் சொல்றது தப்பான்னு நீயே சொல்லு"ன்னா.

விஷயம் இதுதான். ஜூன் 15 ஞாயிற்றுக்கிழமை தந்தையர் தினம். அதனால வெள்ளிக்கிழமையே ஸ்கூல்ல கொண்டாடிடலாம்னு முடிவு. ஒவ்வொரு குழந்தையும் அப்பாவோட எடுத்த போட்டோ ஒண்ணு கொண்டு வரணும். அட்டையில ஒட்டி, சுத்திப் பூ வரைஞ்சு, அப்பா வந்ததும் கையில குடுக்கணும். வாட்ஸப் குரூப்புக்கு மெசேஜ் போயாச்சு.

"நல்லாத்தானே இருக்கு, இதுல என்ன?"ன்னு கேட்டேன்.

"ஸ்கூல் தொறந்து பத்து நாள்தான் ஆச்சு. எந்தப் பிள்ளைக்கு அப்பா இருக்காரு, எந்தப் பிள்ளைக்கு இல்லன்னு எனக்கே இன்னும் முழுசாத் தெரியாது. இது கள்ளக்குறிச்சிண்ணே"ன்னா.

அந்தக் கடைசி வரிதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. வெளியூர்ல இருக்கறவங்களுக்காகச் சொல்லிடறேன். 2024 ஜூன்ல கருணாபுரத்துல விஷச் சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்துப் போனாங்க. அந்த வருஷம் தந்தையர் தினம் ஜூன் 16. அது முடிஞ்சு ரெண்டு மூணு நாள்ல வரிசையா பாடை கட்டினாங்க. டிவியில எல்லாரும் பாத்திருப்பீங்க. செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க கூலி வேலைக்குப் போற ஆம்பளைங்க. அப்பாக்கள். சரியா ஒரு வருஷம் கழிச்சு அதே ஊர்ல "அப்பா போட்டோ கொண்டு வாங்க"ன்னு ஒரு மெசேஜ்.

தங்கச்சி என்ன பண்ணினான்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, ஸ்கூல்ல கொண்டாட்டம்ங்கிற சமாச்சாரத்தைப் பத்தி எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கறதைக் கொட்டிடறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க மக்களே.

முதல்ல கொசுவத்தி. நான் படிச்சது கச்சிராயபாளையம் பக்கம், கோமுகி அணைக்குக் கீழ இருக்கற ஒரு ஊர்ல. ஆர்.சி. தொடக்கப் பள்ளி. ஒண்ணாப்பு சேர்ந்தது 1983. அதுக்கு முந்தின வருஷம்தான், 1982 ஜூலை 1 அன்னைக்கு, எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை ஆரம்பிச்சிருந்தார். அதனால எனக்கு ஸ்கூல்னாலே அலுமினியத் தட்டு ஞாபகம் வரும், பக்கத்துலயே சிலேட்டு. சிலேட்டைத் தொடைக்க கோவ இலை. அதைப் பறிக்க வேலி ஓரமா ஒரு கூட்டமே ஓடும். வகுப்புல முதல்ல மணல்ல விரலால எழுதணும். அது ஒழுங்கா வந்தாத்தான் பலப்பம் கைக்கு வரும். காலையில செபம் சொல்லுவோம். நாங்க கிறிஸ்தவங்க இல்ல. வீட்டுல அய்யனாருக்குப் பொங்கல் வைக்கிற குடும்பம். ஆனா செபத்தை என்னைவிட சத்தமா யாரும் சொல்ல மாட்டாங்க. காரணம் பக்தி இல்லீங்க, சிஸ்டர் கையில இருந்த பிரம்பு :)

அந்த ஸ்கூல்ல கொண்டாட்டம்னா என்னன்னு யோசிச்சுப் பாக்கறேன். டிசம்பர் வந்தா குடில் வேலை ஆரம்பிக்கும். கிறிஸ்துமஸுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஆளுக்கொரு கொட்டாங்குச்சி எடுத்துட்டு வரச் சொல்லுவாங்க. மண்ணு போட்டு கேழ்வரகு விதைக்கணும். தினம் தண்ணி தெளிச்சு அது பச்சைப் புல்லா வந்ததும் குடிலுக்கு முன்னாடி வரிசையா அடுக்குவாங்க. அதுதான் பெத்லகேம் வயக்காடு. யாரோட கேழ்வரகு நெட்டையா வளந்திருக்குன்னு அளந்து பாக்கறதுதான் எங்களுக்கு அளவுப் பாடம். தண்ணி அதிகம் ஊத்தினா அழுகிப் போகும்ங்கிறது அறிவியல் பாடம். எனக்கு அழுகித்தான் போச்சு, வேற கதை.

மலையில இருந்து வந்து ஹாஸ்டல்ல தங்கிப் படிச்ச பசங்க அதுல ராஜா. எங்க கொட்டாங்குச்சியில முளைக்கலைன்னா அவனுங்ககிட்டதான் போய் நிப்போம். மத்த நாள்ல வாய்ப்பாடு சொல்லத் திணறி அடி வாங்குற பையன், அந்த ரெண்டு வாரம் வாத்தியார் மாதிரி நடப்பான். மண்ணை எப்படி உதிர்க்கணும், விதையை எவ்ளோ ஆழத்துல போடணும்னு சிஸ்டருக்கே சொல்லிக் குடுப்பான். அவங்களும் கேட்டுக்குவாங்க. செலவு? ஒரு பைசா கிடையாது. கொட்டாங்குச்சி எல்லார் வீட்லயும் உண்டு, கேழ்வரகு அந்தக் காலத்துல எல்லார் வீட்லயும் உண்டு.

கொசுவத்தி அணைச்சாச்சு. இப்ப விஷயத்துக்கு வருவோம்.

"கான்வென்ட்"னு நாம பொத்தாம் பொதுவாச் சொல்றதுல ரெண்டு தனித்தனி சங்கதி இருக்கு. நிறைய ஊர்ல ஒரே காம்பவுண்டுக்குள்ள ரெண்டும் இருக்கும், அதனால குழப்பம். ஒண்ணு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளி. நிர்வாகம் திருச்சபை, டீச்சருக்குச் சம்பளம் அரசாங்கம். பிள்ளைங்களுக்குப் பாடப் புத்தகம், சீருடை, மதியச் சாப்பாடு எல்லாம் இலவசம். இன்னொண்ணு, நர்சரி அண்ட் பிரைமரி. சுயநிதி. சம்பளம், கட்டடம் எல்லாம் பிள்ளைங்க கட்டுற ஃபீஸுல இருந்துதான் வரணும். எல்.கே.ஜி., யூ.கே.ஜி. பெரும்பாலும் இந்த ரெண்டாவது வகைதான். 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயசுல இருந்துதான் ஆரம்பிக்குது. அஞ்சு வயசு வரைக்கும் உள்ள குழந்தை படிக்கணும்னா அங்கன்வாடி, இல்லன்னா காசு. தமிழ்நாட்டு அரசு 2019 ஜனவரியில 2,381 அங்கன்வாடிகள்ல எல்.கே.ஜி., யூ.கே.ஜி. ஆரம்பிச்சதுகூட இந்தப் பள்ளத்தை ரொப்பத்தான்.

இந்த முதல் வகைப் பள்ளிகளுக்கு சமீபத்துல ஒரு நல்லது நடந்துச்சு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல அரசுப் பள்ளிகள்ல ஆரம்பிச்சப்போ உதவிபெறும் பள்ளிப் பிள்ளைங்க அதுல இல்ல. ஒரே தெருவுல அரசுப் பள்ளிக்குப் போற அண்ணனுக்குக் காலையில பொங்கல், ஆர்.சி. ஸ்கூலுக்குப் போற தம்பிக்கு ஒண்ணுமில்ல. 2024 ஜூலை 15, காமராஜர் பிறந்த நாள் அன்னைக்கு, ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கினாங்க. தொடங்கி வச்ச இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரி புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. 2025 ஆகஸ்ட் 26ல நகரப் பகுதிகளுக்கும் போச்சு. அதையும் மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியிலதான் ஆரம்பிச்சாங்க. ரெண்டுமே கத்தோலிக்கப் பள்ளிகள். என்னைக் கேட்டா, அந்த ஸ்கூலுங்க வரலாற்றுல அதைவிடப் பெரிய விழா இருந்திருக்காது. பசியோட வந்த பிள்ளை தட்டோட உக்காந்தா அது திருவிழா இல்லாம வேற என்ன?

வரலாறுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. நம்ம கள்ளக்குறிச்சிப் பக்கம் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குள்ள வருது. அந்தப் புதுச்சேரியில 1844ல லூயி சவினியன் துப்புயின்னு ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், பொண்ணுங்களுக்குப் படிப்பு சொல்லிக் குடுக்கறதுக்குன்னே இந்தியப் பெண்களை வச்சு ஒரு கன்னியர் சபையை ஆரம்பிச்சார். பொம்பளப் புள்ளைக்கு எதுக்குய்யா எழுத்துன்னு ஊரே கேட்ட காலம் அது. நாம இன்னைக்கு "சிஸ்டர்"னு கூப்பிடற டீச்சருக்குப் பின்னாடி அவ்ளோ நீளக் கதை இருக்கு.

சின்னக் குழந்தைங்க படிப்புலயும் ஒரு கத்தோலிக்கப் பேர் நமக்கு ரொம்பப் பக்கம். மரியா மாண்டிசோரி. 1907ல ரோம்ல ஏழைத் தொழிலாளிங்க குடியிருந்த சான் லொரென்சோ பகுதியில முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொறந்தவங்க. 1939ல சென்னை அடையாறு வந்தாங்க. உலகப் போர் மாட்டிக்கிச்சு, இத்தாலிக்காரங்கங்கிறதால உடனே திரும்ப முடியல. கொடைக்கானல்லயும் சில வருஷம் இருந்தாங்க. அவங்க சொன்னதோட சாரம் எளிமையானது. குழந்தை கையால தொட்டுச் செய்யணும், அதுவா செய்யணும், பெரியவங்க குறுக்க வராம ஒத்தாசையா நிக்கணும். இன்னைக்குத் தெருவுக்கு நாலு போர்டுல அவங்க பேர் தொங்குது. உள்ள போய்ப் பாத்தா மூணரை வயசுப் புள்ளைக்கு ஹோம்வொர்க் நோட்டு. என்னத்தச் சொல்ல.

கொட்டாங்குச்சியில கேழ்வரகு விதைச்சது இருக்கே, அது அசல் மாண்டிசோரி. எங்க சிஸ்டர் அந்தப் பேரை எங்ககிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல.

இப்ப அந்தக் கொண்டாட்டம் என்னவா ஆயிருக்குன்னு பாருங்க. ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள், ஆகஸ்ட் 15, செப்டம்பர் 5 ஆசிரியர் தினம், செப்டம்பர் 8 மாதா பிறந்த நாள், நவம்பர் 14, கிறிஸ்துமஸ், சமத்துவப் பொங்கல், ஆண்டு விழா. பட்டியல் நல்லாத்தான் இருக்கு. தப்பு பட்டியல்ல இல்ல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு செலவு ஒட்டிக்கிச்சு, அதுதான் பிரச்சினை. காமராஜர் வேஷத்துக்கு வாடகை டிரஸ். நேரு வேஷத்துக்குக் கோட்டு, ரோஜாப்பூ. பாப்பா ஏஞ்சல்னா ரெக்கை. பொங்கலுக்குப் பட்டுப் பாவாடை. ஆண்டு விழாவுக்கு அந்த ஒரு பாட்டுக்குன்னே தைச்ச டிரஸ், அப்புறம் போட்டோ, வீடியோ. மேடையில பிள்ளை நிக்கிறது மூணு நிமிஷம். நிகழ்ச்சி முடிஞ்சதும் வேஷம் கடைக்குத் திரும்பிப் போயிடும். பிள்ளை காமராஜரைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டது என்ன? மேல்சட்டை பெருசா இருந்துச்சு, அவ்ளோதான்.

கான்வென்ட் மட்டும் இப்படின்னு சொல்ல வரல. எல்லா தனியார் ஸ்கூலும் இப்படித்தான். கான்வென்ட்டைச் சொல்றேன்னா, ஏழைப் பிள்ளைக்காகன்னு ஆரம்பிச்ச இடம்ங்கிற உரிமையில சொல்றேன்.

அன்னாடம் கூலிக்குப் போற வீட்டுல ஒரு வேஷ வாடகைங்கிறது ஒரு நாள் சோறு. அம்மாக்காரி என்ன பண்ணுவா? "காய்ச்சல்"னு லீவு லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் பிள்ளையை வீட்டுலயே வச்சுக்குவா. தங்கச்சி சொல்றா, விழா நாள்லதான் காய்ச்சல் அதிகம் வருதுன்னு. வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாத்தா எந்தெந்தப் பிள்ளைக்கு எந்தெந்த விழாவுல காய்ச்சல்னு தெரிஞ்சுடும். எந்த ஸ்கூலாவது அப்படி ஒரு தடவை பாத்திருக்காங்களா?

கல்வராயன் மலைக்குப் போனா இது இன்னும் கூர்மையாத் தெரியும். அந்த மலை 1976 வரைக்கும் ஜாகிர்தாருங்க கையில இருந்த பூமி. நாடு விடுதலையாகி இருபத்தொம்பது வருஷம் கழிச்சுத்தான் அவங்க பிடி விட்டுச்சு. ரோடு, ஆஸ்பத்திரி, ஸ்கூல் எல்லாமே அங்க லேட். 2024ல சாராயச் சாவுக்கு அப்புறம் சென்னை உயர் நீதிமன்றம் தானா முன்வந்து மலை மக்களோட அடிப்படை வசதிகளைப் பத்தி வழக்கு எடுத்துக்கிச்சு. அது வரைக்கும் மலைன்னா செய்தியில சாராயம், ஊறல் அழிப்பு, ரெண்டுதான். அங்க இருக்கற மலையாளி இன மக்கள் (கேரளாக்காரங்க இல்லீங்க, தமிழ் பேசற பழங்குடி) நிறைய பேர் வேலைக்கு வெளியூர் போயிடுவாங்க. எஸ்டேட்டு வேலை, கட்டட வேலை. பிள்ளை பாட்டிகிட்ட, இல்லன்னா ஹாஸ்டல்ல. வெள்ளிமலையில ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி இருக்கு, அரசு பழங்குடியினர் பள்ளிகளும் இருக்கு. கீழ ஆர்.சி. ஹாஸ்டலுக்கு வர்ற பிள்ளைங்களும் உண்டு. இந்தப் பிள்ளைங்க இருக்கற வகுப்புல பெற்றோர் தினம், அம்மா தினம், அப்பா தினம்னு வச்சா யாரு வருவா?

சரி, இன்னொரு பக்கம். "இந்த ஸ்கூலெல்லாம் மதம் மாத்தத்தான், அதுக்குத்தான் கிறிஸ்துமஸ் குடில்"னு பின்னூட்டத்துல வருவீங்கன்னு தெரியும். நான் படிச்சேன், மாறல. என் கூடப் படிச்ச முக்காவாசிப் பேரும் மாறல. அரசியல் சட்டம் 28(3) இதைத் தெளிவாவே சொல்லுது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறுற பள்ளியில, பெற்றோர் சம்மதம் இல்லாம ஒரு சின்னப் பிள்ளையை மதபோதனையிலயோ வழிபாட்டுலயோ கலந்துக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. 30வது பிரிவு சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்துற உரிமையைக் குடுக்குது. ரெண்டையும் சேர்த்துதான் படிக்கணும். ஒண்ணை மட்டும் தூக்கிட்டு வர்றவங்க ரெண்டு பக்கமும் இருக்காங்க. பிரம்புக்குப் பயந்து நான் செபம் சொன்னது சரியில்லைன்னு இப்பவும் நினைக்கறேன். அதே ஸ்கூல்ல கேழ்வரகு விதைச்சது சரின்னும் நினைக்கறேன். ரெண்டும் ஒரே சிஸ்டர் பண்ணினதுதான்.

அதே சமயம் "ஆண்டவர் சந்நிதியில எல்லாரும் சமம்"னு கான்வென்ட்டுக்கு வக்காலத்து வாங்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். இதே மாவட்டத்துல உளுந்தூர்பேட்டை பக்கம் எறையூர் இருக்கு. பெரிய கத்தோலிக்க ஊர். அங்க 2008 மார்ச்ல தலித் கிறிஸ்தவங்க தனிப் பங்கு கேட்டதுல கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல ரெண்டு உயிர் போச்சு. கோயில்லயும் கல்லறையிலயும் சாதி நின்ன ஊர்ல, ரெண்டு தெருப் பிள்ளைங்களும் ஒரே பெஞ்சுல உக்கார முடியற இடம் ஸ்கூல் ஒண்ணுதான். அதனாலதான் ஸ்கூல் விழா எனக்குச் சின்ன விஷயமாத் தெரியல. யார் மேடையில, யார் கைதட்டுற கூட்டத்துல, யார் வீட்டுல காய்ச்சலோட படுத்திருக்காங்கிறதைப் பிள்ளைங்க நாலு வயசுலயே கவனிச்சுடுதுங்க. அ, ஆ மறந்தாலும் அது மறக்காது.

என்னோட கட்சி என்னன்னா, விழாவைக் குறைக்கச் சொல்லல. இன்னும் கூடக்கூட வையுங்க. ஆனா:

காசு குடுத்து வாங்கற எதையும் விழாவுக்குக் கேக்காதீங்க. பிள்ளை வகுப்புலயே செய்யறது போதும். காமராஜருக்கு வேஷம் வேணாம், அவர் ஏன் ஸ்கூல்ல சோறு போட்டாருங்கிற கதையைச் சொல்லுங்க. பிள்ளைங்களே நடிச்சுக் காட்டிடுவாங்க.

யாரோ ஒருத்தர் வந்தாத்தான் பிள்ளை கலந்துக்க முடியும்ங்கிற மாதிரி நிகழ்ச்சி வைக்காதீங்க. வேற வழியில்லாம வச்சா, வர ஆள் இல்லாத பிள்ளைக்கு என்ன ஏற்பாடுன்னு முதல்ல பேசி முடிச்சுட்டு அப்புறம் மெசேஜ் போடுங்க.

மலைப் பிள்ளைங்களை "பழங்குடி நடனம்"னு இலைதழை கட்டி ஆட விடாதீங்க. அவங்க ஊர்ல யாரும் அப்படிக் கட்டறதில்ல. சாமை எப்படி விதைக்கறது, கடுக்காய் எப்பப் பொறுக்கறதுன்னு அவங்களையே சொல்ல விடுங்க.

விழா நாள் வருகைப் பதிவேட்டை மறுநாள் எடுத்துப் பாருங்க. வராதவங்க பேரைப் பாத்தாலே போதும், அடுத்த விழாவை எப்படி வைக்கணும்னு புரிஞ்சுடும்.

இப்ப தங்கச்சி கதை. நான் அன்னைக்கு ராத்திரி, "போய்ப் பெரிய சிஸ்டர்கிட்ட நேராச் சொல்லு, திட்டினாத் திட்டட்டும்"னேன். மறுநாள் காலையில சொல்லியிருக்கா. சிஸ்டர் முதல்ல, "மெசேஜ் போயிடுச்சே, இப்ப எப்படி மாத்தறது?"ன்னு கேட்டிருக்காங்க. சாயங்காலம் அவங்களே கூப்பிட்டு, "போட்டோ வேணாம். உங்களை யாரு ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வர்றாங்களோ அவங்களை வரைஞ்சு குடுங்கன்னு மாத்திடு. வர முடிஞ்சவங்க வரட்டும்"னு சொல்லிட்டாங்க.

வெள்ளிக்கிழமை நிறைய அப்பாக்கள் வந்தாங்க. அம்மாக்கள், தாத்தாக்கள் வந்தாங்க. ஒரு பாட்டி மலையில இருந்து காலையில முதல் பஸ் பிடிச்சு வந்திருந்தாங்களாம். ஒரு பையன் வரைஞ்சது ஷேர் ஆட்டோ ஓட்டற அண்ணனை. அந்தண்ணன் வாசல்லயே வண்டியை நிறுத்திட்டு உள்ள வரக் கூச்சப்பட்டு நின்னிருக்காரு. சிஸ்டரே போய்க் கூட்டிட்டு வந்து உக்கார வச்சாங்களாம். அட்டையில அவருக்கு மூணு சக்கரம் வரைஞ்சிருந்தான், முகம் மட்டும் வரையல. "முதுகுதான் மிஸ் எனக்குத் தெரியும்"னானாம்.

எல்லாருக்கும் பிடிச்சுதான்னு கேட்டீங்கன்னா, இல்ல. வாட்ஸப் குரூப்புல நாலஞ்சு பேர், "நாங்க போட்டோ பிரிண்ட் போட்டு லேமினேஷன் எல்லாம் பண்ணிட்டோம், இப்பப் போயி மாத்தினா எப்படி"ன்னு சண்டை. அவங்க கோவமும் நியாயம்தான். அவங்க பிள்ளைக்கு அவங்க ஆசையா செஞ்சது. தங்கச்சி ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி மன்னிப்புக் கேட்டா. ஏன் மாத்தினோம்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா அந்தந்தப் பிள்ளை பேர் வெளிய வந்துடும்ல.

2026 ஜூனுக்கு ஜனவரியிலயே யோசிச்சு வச்சுட்டேன்னா. "என்ன பண்ணப் போற?"ன்னேன். "கேழ்வரகு"ன்னா. அவளும் அதே ஸ்கூல்ல படிச்சவதானே.

உங்க ஊர் ஸ்கூல்ல எப்படி? விழா நாள்ல உங்களுக்கும் எப்பவாவது "காய்ச்சல்" வந்திருக்கா? பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டறதுன்னாலும் பேர் போட்டுத் திட்டுங்க, அனானியா வராதீங்க :)

பி.கு: குடிலுக்குக் கேழ்வரகு முளைக்க வைக்க விரும்பறவங்க, விதையை ஒரு ராத்திரி ஊற வச்சுட்டுப் போடுங்க. தண்ணியைத் தெளிக்கணும், ஊத்தக் கூடாது. நாப்பது வருஷம் கழிச்சுத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு.